கம்ப்யூட்டர் கேட்ட ‘சரி’

அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர்களுக்கு வாய் இருந்தது. ஒரு அறையை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். கேட்டதற்கெல்லாம் பதில் பேசும். மனிதர் வாயிலிருந்து வரும் எந்தச் சொல்லையும் அப்படியே நம்பிவிடும். அவ்வளவு வெள்ளந்தி.

கடலோர ஊர் ஒன்றில் புயல் அடித்து ஓய்ந்திருந்தது. வீடிழந்தவர்கள் பதினோரு முகாம்களில் சிதறிக் கிடந்தார்கள். யார் எந்த முகாமில் என்ற பட்டியல் தாலுகா அலுவலகக் கம்ப்யூட்டரின் நினைவில் மட்டும்தான் இருந்தது. ஒவ்வொரு பெயராக அதற்குச் சொல்லிக்கொடுத்தவள், அங்கே வேலை பார்த்த செங்கமலம்.

ஒரு மதியம் அவளுடைய நாத்தனார் தொலைபேசியில் பிடித்துக்கொண்டாள். கூரை பறந்த கதையைச் சாவகாசமாகச் சொன்னாள். அந்த நேரம் பார்த்துக் கம்ப்யூட்டர், மழைக்கணக்கு வந்து குவிகிறது, உள்ளே இடமில்லை, முகாம் பட்டியலை அழித்துவிடட்டுமா என்று கேட்டது.

“சரி... சரி...” என்றாள் செங்கமலம், நாத்தனாரிடம்.

கம்ப்யூட்டர் அழித்துவிட்டது.

சற்று நேரத்தில் சூசையப்பன் என்ற மீனவர் வந்தார். புயலன்று கடலில் மாட்டிக்கொண்டு அன்றுதான் கரை சேர்ந்தவர். மனைவி மரியபுஷ்பம் எந்த முகாமில் இருக்கிறாள் என்று விசாரித்தார். அப்படியொரு பெயரே இல்லை என்றது கம்ப்யூட்டர். அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

செங்கமலம் எழுந்து வந்தாள். வேறு நாலு பெயர்களைக் கேட்டுப் பார்த்தாள். எல்லாமே இல்லை.

“பட்டியலை அழிக்கட்டுமான்னு கேட்டப்ப நீங்கதானே அக்கா சரின்னீங்க?” என்றது கம்ப்யூட்டர்.

“அது சம்மதம் இல்லடா. நான் கேட்டுக்கிட்டிருக்கேன்னு காட்டுறதுக்குச் சொல்றது. எங்க ஊர்ல எல்லாரும் அப்படித்தான் சொல்லுவோம்.”

சூசையப்பனை அழைத்துக்கொண்டு முகாம் முகாமாக அலைந்தாள். ஒன்பதாவது முகாமில், கஞ்சி வரிசையில் மரியபுஷ்பம் நின்றிருந்தாள். அவரைக் கண்டதும் கையிலிருந்த தட்டைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

திரும்பி வந்த செங்கமலம் கம்ப்யூட்டரிடம் மெதுவாகச் சொன்னாள். “உன்னை மட்டும் குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா நீ இல்லைன்னதும் அந்த மனுசன், பொண்டாட்டி செத்துட்டான்னே நினைச்சிட்டார்.”

வெட்கமோ வேதனையோ, அதன் பிறகு கம்ப்யூட்டர் வாயே திறக்கவில்லை.

அன்று முதல்தான் எதையும் அழிக்கும் முன் கம்ப்யூட்டர் எழுத்தில் கேட்கிறது, ‘நிச்சயமாகவா?’ என்று. நம் விரல் வந்து தொடும்வரை காத்திருக்கிறது. நாம்தான் அதைப் படிப்பதே இல்லை.