வெளிச்சத்துக்கு வந்த சோம்பல்

செங்காட்டு ராஜா மாறவேள் அரண்மனையிலிருந்து எல்லைக் கோட்டைவரை கண்ணாடி இழை ஒன்றைப் புதைத்து வைத்திருந்தார். இந்த முனையில் விளக்கை மினுக்கினால் அந்த முனையில் சேதி போய்ச் சேரும். யோசனை சாத்தப்பனுடையது. சபையில் வாய்த்துடுக்குக்குப் பேர்போனவன் அவன்.

போகப் போக வெளிச்சம் மங்கும். அதனால் வழியெங்கும் சாவடிகள். சாவடிக்காரர் மினுக்கலைப் படித்து, எழுதி, மறுபடி புது விளக்கால் மினுக்கி அனுப்புவார். எல்லாச் சாவடியிலும் மந்திரி அடைக்கலநாதனின் மச்சான்கள்தான்.

ஒருநாள் எதிரிகள் கோட்டையைச் சூழ்ந்தார்கள். 'படை அனுப்புக' என்று கோட்டைத் தலைவன் சேதி விட்டான். பதிலே இல்லை. கோட்டை போயிற்று. தலைவன் தப்பித்து, நொண்டி நொண்டி அரண்மனைக்கு வந்து சேர்ந்தான். அவன் சேதி அதற்கும் மறுநாள்தான் வந்தது!

"கண்ணாடிக்குள் போய் வெளிச்சம் சோம்பேறியாகிவிட்டது மகாராஜா. எல்லாம் சாத்தப்பன் செய்த கோளாறு" என்றார் மந்திரி.

ராஜா மீசை துடித்தது. "சாத்தப்பா! இன்று பொழுது சாய்வதற்குள் வெளிச்சத்தை வேகமாக ஓட வை. இல்லையென்றால் உன் தலை உருளும்!"

வெளிச்சத்தைவிட வேகமாக ஓடக்கூடியது எதுவுமில்லை என்று சாத்தப்பனுக்குத் தெரியும். இருந்தும் கும்பிட்டான். "ஒரே ஒரு சேதி அனுப்ப உத்தரவு வேண்டும், மகாராஜா."

உத்தரவு கிடைத்தது. விளக்கை மினுக்கினான்: 'சாவடிக்காரர் அனைவருக்கும் ராஜ விருந்து. வருவோர் உடனே பதில் தருக.'

ராஜா வாயிலிட்ட வெற்றிலை சிவக்கவில்லை. அதற்குள் கடைசிச் சாவடியிலிருந்தும் பதில் வந்துவிட்டது: 'புறப்பட்டுவிட்டோம். ஆட்டுக்கறி உண்டா?'

"அதே இழை, அதே வெளிச்சம், அதே மச்சான்கள்" என்றான் சாத்தப்பன். "சோம்பேறி யாரென்று தாங்களே சொல்லுங்கள்."

ராஜா மந்திரி பக்கம் திரும்பினார். "உன் மச்சான்கள் வீட்டுக்குப் போகட்டும்!"

மந்திரி விடவில்லை. "போகட்டும் மகாராஜா. மங்கும் வெளிச்சத்தை அப்புறம் யார் தூக்கிவிடுவது?"

சாத்தப்பன் மடியிலிருந்து இளஞ்சிவப்பாய் ஒரு கண்ணாடி இழையை எடுத்தான். "அபூர்வமான மண்ணைக் கலந்து உருக்கியது. சாவடிதோறும் இதைச் சேர்த்து, பக்கத்து விளக்கால் ஊட்டம் கொடுத்தால் போதும். இளைத்து வரும் வெளிச்சம் கொழுத்து வெளியே போகும். இது படிக்காது, எழுதாது, யோசிக்காது. வந்ததை அப்படியே பலமாக்கித் தள்ளிவிடும்."

மந்திரி கைகொட்டினார். "ஒரு எழுத்தும் புரியாமல், கேட்டதையே பெரிதாக்கிச் சொல்லுமாம்! உலகத்தில் அப்படி ஒன்று உண்டா?"

சாத்தப்பன் சபையை ஒரு சுற்றுப் பார்த்தான். "ஏன் இல்லை மந்திரியாரே? மகாராஜா வாய் திறந்தால் நாமெல்லாம் இங்கே வேறென்ன செய்கிறோம்?"

சபை ராஜாவின் முகத்தைப் பார்த்தது. சாத்தப்பன் கழுத்தைத் தடவிக்கொண்டான்.

ராஜா ஒரு கணம் முறைத்தார். பிறகு தொடையைத் தட்டி, வயிறு குலுங்கச் சிரித்தார்.

எதற்குச் சிரிக்கிறார் என்று ஒருவரும் கேட்கவில்லை. சபை அவரைவிட இரண்டு மடங்கு சத்தமாகச் சிரித்தது.