கடலுக்கு ஷட்டர் உண்டா?

அணைக்கட்டுக்குக் கீழே இருந்த அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளைகூடக் கடலைப் பார்த்ததில்லை. பத்தாம் வகுப்புப் பூங்கோதைக்குக் கடல் கனவில் வந்து காலை நனைத்துவிட்டுப் போகும்.

சுற்றுலா என்றாலே தாளாளர் சடையப்பருக்கு ஆபத்துதான் கண்ணில் படும். பஸ் கவிழும், சோறு ஊசிப்போகும் என்று வருஷா வருஷம் தட்டிக்கழித்துவிடுவார். இந்த வருஷம் பூங்கோதையே அவர் முன்னால் போய் நின்றாள்.

"டிரைவர் ரெண்டு பேர் வர்றாங்க. முழங்காலுக்கு மேல தண்ணியில இறங்க மாட்டோம். கயிறு கட்டி, ஜோடி ஜோடியாத்தான் நிப்போமுங்க ஐயா."

சடையப்பர் மீசையை முறுக்கினார். "எல்லாம் சரி. கடல்ல எத்தனை மணிக்கு ஷட்டர் திறந்து தண்ணி விடுவாங்க? அதைக் கேட்டுட்டு வா, கையெழுத்துப் போடறேன்."

அணை ஷட்டரைத் திறந்ததும் ஆற்றோடு ஆள் அடித்துக்கொண்டு போவதைப் பார்த்த ஊர் அது. ஆனாலும் வாத்தியார்கள் சிரிப்பை அடக்கக் குனிந்துகொண்டார்கள். இவரும் கடலைப் பார்த்ததில்லை என்று பூங்கோதைக்குப் புரிந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை.

மறுநாள் வந்து சொன்னாள்: "விசாரிச்சுட்டேனுங்க ஐயா. பொறுப்பான பெரியவங்க நேர்ல வந்து பார்த்தாத்தான் அது தெரியுமாம். நீங்களே வந்துட்டா எங்களுக்கும் பயமில்லைங்க."

பயந்தாங்கொள்ளி என்று பெயர் வாங்க எந்தத் தாளாளருக்கு மனசு வரும்?

கடற்கரையில் கயிற்றின் முனையைப் பிடித்தபடி நின்ற சடையப்பரின் காலை முதல் அலை வந்து தொட்டது. அடுத்தது வந்தது. வந்துகொண்டே இருந்தது. வேட்டி நனைந்ததைக்கூட அவர் கவனிக்கவில்லை.

பொழுது சாய்ந்தது. பிள்ளைகள் எல்லாரும் கரையேறிவிட்டார்கள். "கிளம்பலாமுங்களா ஐயா?" என்றாள் பூங்கோதை.

சடையப்பர் கடலைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"இரு கண்ணு, இன்னும் ஷட்டர் மூடலையே."