வார்டனம்மாவின் கத்தரிப்பூ நகங்கள்

இதை முதன்முதலில் சொன்னவர், அப்போது உடனிருந்த கணக்காசிரியை தேனம்மை. சொல்லும்போது அவர் ஒருமுறைகூடச் சிரித்ததில்லை. கேட்டவர்களால்தான் அடக்க முடியவில்லை.

"குறட்டை விடுறவருக்குத் தீட்சை உண்டு. எனக்கு இல்லையா அம்மா?"

கேட்டவர் அமிர்தவல்லி. மாணவியர் விடுதி ஒன்றில் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சிறுமலை அடிவாரத்து ஆசிரமத்தில் வந்து சேர்ந்த பின்னும், அவரை எல்லாரும் வார்டனம்மா என்றே அழைத்தார்கள்.

கேட்கப்பட்டவர் குரு பெரியநாயகி அம்மை. சீடரைவிட வயதில் மிக இளையவர். அதனால் அவர் சீடரை அக்கா என்பார். சீடர் அவரை அம்மா என்பார். இருவருக்கும் அதில் குழப்பம் இருந்ததில்லை.

பொழுது விடிந்தும் விடியாத நேரம். அம்மை நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

"யாரைச் சொல்றீங்க அக்கா?"

"அம்பலவாணரைத்தான். கண்டக்டரா இருந்தவராம். தியானத்துக்கு உட்கார்ந்த உடனே வண்டி கிளம்பிடுது. அவருக்குப் போன பௌர்ணமிக்கே கொடுத்துட்டீங்க."

"நல்லாத் தூங்குறாரு. பார்க்கவே ஆசையா இருக்கு."

"நான் என்ன குறை வச்சேன்? சமையல்கட்டு முழுக்க என் பொறுப்பு. என் துணியை நானே துவைக்கிறேன். என் தட்டை நானே கழுவுறேன். வந்த நாள்ல இருந்து ஒருத்தர்கிட்டயும் ஒரு டம்ளர் தண்ணி கேட்டதில்ல."

கடலை உரிப்பது நின்றது.

"ஆமா," என்றார் அம்மை. "கேட்டதில்ல."

உண்மைதான். யாரேனும் அமிர்தவல்லிக்கு ஒரு வாழைப்பழம் கொடுத்தால், மறுநாள் அவர்கள் வீட்டு வாசலில் இரண்டு பழங்கள் இருக்கும். தைலம் தேய்த்துவிட வந்தவர்களைத் தைலத்தோடு திருப்பி அனுப்பியிருக்கிறார். காய்ச்சல் கண்டபோதும் கஞ்சியைத் தாமே எழுந்து வைத்துக்கொண்டார். அடுப்பைத் துடைத்துவிட்டுத்தான் படுத்தார்.

"நாளைக்குப் பௌர்ணமி," என்றார் அமிர்தவல்லி. "நாளைக்கும் இல்லைன்னா, பெட்டியை எடுத்துக்கிட்டு மகன் வீட்டுக்குப் போயிடுறேன்."

பெட்டியைக் கட்டியும் ஆகிவிட்டது. அதைக் கட்டும்போது, இந்த மலையையும் இந்தச் சமையல்கட்டையும் விட்டுப் போக முடியாமல் அவர் நெடுநேரம் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

அம்மை எழுந்தார். மாடக்குழியிலிருந்து ஒரு சிறு பெட்டியை எடுத்து வந்தார்.

அமிர்தவல்லி அதைக் கண்டதும் முகம் சுளித்தார். திண்டுக்கல்லில் தன் வீட்டு முன்னறையில் அழகு நிலையம் நடத்தும் மேனகா என்ற பெண் கொண்டுவந்து வைத்த காணிக்கை அது. 'எல்லாரும் பூவும் பழமும் கொண்டு வர்றாங்க அம்மா. நான் என் தொழில்ல இருக்கிறதைக் கொண்டு வந்தேன்' என்று அந்தப் பெண் கூச்சத்தோடு சொன்னபோது, அம்மை குழந்தையைப் போலக் கைதட்டினார். எப்படி ஒட்டுவது, எப்படி எடுப்பது என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டார்.

பெட்டிக்குள் ஒட்டு நகங்கள். நீளமானவை. கத்தரிப்பூ நிறம். நுனியில் ஜிகினா.

"கையை நீட்டுங்க அக்கா."

"யாருக்கு?"

"உங்களுக்குத்தான்."

"எனக்கா? இந்த வயசிலயா?"

"வயசு நகத்துக்கு எப்படித் தெரியும்? நீட்டுங்க."

குரு சொன்னால் சீடர் நீட்டத்தான் வேண்டும். அமிர்தவல்லி நீட்டினார். விடுதியில் பிரம்பு பிடித்த கை. அடிவாங்கும் பிள்ளையின் கையைப் போல அன்றைக்கு உள்ளங்கையை மேலே காட்டியது.

அம்மை அவசரப்படவில்லை. ஒவ்வொரு விரலுக்கும் பொருந்தும் நகத்தை அளந்து பார்த்து வரிசையாக எடுத்து வைத்தார். ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் விரலைத் துடைத்தார். சொரசொரப்பான அட்டையால் சொந்த நகத்தை மெல்லத் தேய்த்தார். ஒரு சொட்டுப் பசை. ஒட்டினார். பிறகு அந்த விரலைத் தம் இரு விரல்களுக்கிடையே அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"அம்மா, இது என்ன வேஷம்?"

"பேசாதீங்க. ஆடுது."

அடுத்த விரல். மறுபடியும் அழுத்திப் பிடித்தல்.

இவ்வளவு நேரம் தம் கையை ஒருவர் பிடித்துக்கொண்டிருந்தது கடைசியாக எப்போது என்று அமிர்தவல்லி யோசித்தார். நினைவுக்கு வரவில்லை.

எல்லா விரல்களும் முடிந்தன. அம்மை சற்றுப் பின்னே சாய்ந்து பார்த்தார்.

"நல்லா இருக்கு."

"எப்ப எடுக்கலாம்?"

"எப்ப வேணும்னாலும். ஆனா நீங்களா எடுக்கக் கூடாது. எடுத்து விடச் சொல்லி யாரையாவது கேட்கணும்."

"கேட்கலைன்னா?"

"அப்படியே இருக்கட்டும். எனக்குப் பிடிச்சிருக்கு."

அம்மை கடலையை உரிக்கத் தொடங்கினார்.

*

கேட்பதா? அமிர்தவல்லி கேட்பதாக இல்லை. நகம் என்ன செய்துவிடும்? ஆனை கட்டிப் போர் அடித்தவர்போல நிமிர்ந்து சமையல்கட்டுக்குள் நுழைந்தார்.

முதலில் உப்பு வரவில்லை. ஜாடிக்குள் விரலைவிட்டால் நகந்தான் போயிற்று. உப்பு கீழேயே இருந்தது.

கொத்தமல்லியைக் கிள்ள முடியவில்லை. பூண்டு வழுக்கி ஓடியது. தீப்பெட்டியிலிருந்து ஒரு குச்சியை எடுக்கப்போய், எல்லாக் குச்சிகளும் தரையில் சிதறின.

ரவிக்கையின் கொக்கி ஒன்று அவிழ்ந்தது. அதை மாட்ட அவர் பட்ட பாட்டைச் சொல்வது மரியாதையன்று. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார் என்பதோடு நிறுத்துவோம்.

அடுப்படியில் அவருக்குத் துணையாக இருந்தவர் செங்கமலம். வாய் ஓயாதவர். காயை ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் நறுக்குவார். அதற்காக நாள்தோறும் அமிர்தவல்லியிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார். அன்று அவர் வெண்டைக்காயை விட்டுவிட்டு வாயைப் பிளந்தார்.

"வார்டனம்மா! கைக்கு என்ன, கல்யாணமா?"

"உன் வேலையைப் பார்."

"பார்க்கிறேன், பார்க்கிறேன். எங்க பேத்தி சடங்குக்குக்கூட இவ்வளவு ஜிகினா வைக்கல."

தண்ணீர் எடுக்க வந்த அம்பலவாணரும் பார்த்துவிட்டார்.

"அம்மா, டிக்கெட்டைக் கிழிக்க முடியாதே, இந்தக் கையை வச்சுக்கிட்டு!"

"நான் ஏன் கிழிக்கணும்?"

"சும்மா சொன்னேன். வலப்பக்கம் கொஞ்சம் தள்ளி நில்லுங்க. நகம் என் கண்ணுல ஏறிடும்."

அமிர்தவல்லி புறக்கட்டுக்குப் போனார். ஒருவரும் இல்லை. கட்டைவிரலை வாய்க்குள் கொண்டுபோனார். பல்லில் வைத்து ஒரு கடி கடித்தால் போதும்.

கடிக்கவில்லை. பிறகு விரலை வெளியே எடுத்துவிட்டார். வாழ்நாளெல்லாம் பிள்ளைகளைத் தேர்வில் பார்த்து எழுதக் கூடாது என்று அதட்டியவர் அவர்.

*

மதியம் பந்தி போட்டார்கள். ஒரு கையால் தூக்கும் சாம்பார் வாளியை அமிர்தவல்லி இரு முழங்கைகளுக்கிடையே அணைத்துக்கொண்டு வந்தார். எல்லாரும் உண்டு எழுந்த பின், வழக்கம்போலக் கடைசியாக உட்கார்ந்தார்.

இலையில் சோறு. ரசம். கையை வைத்தார்.

சோறு நகத்துக்குள் புகுந்துகொண்டது. ரசம் முழங்கை வழியாக வழிந்தது. வாய்க்குப் போனது காற்று.

சோற்றுக் கரண்டியை எடுத்து வந்தார். அது வாயைவிடப் பெரிதாக இருந்தது.

"வார்டனம்மா," என்று அப்பால் இருந்து அம்பலவாணர் குரல் கொடுத்தார், "லாரியில லோடு ஏத்துற மாதிரி இருக்கே!"

அமிர்தவல்லி கரண்டியை வைத்துவிட்டார்.

"எனக்கு இன்னைக்கு விரதம்."

"விரதமா?" செங்கமலம் இடுப்பில் கைவைத்தார். "காலையில ரெண்டு இட்லி எடுத்து வச்சு, அதை எப்படிப் பிய்க்கிறதுன்னு இட்லியையே பார்த்துக்கிட்டு இருந்தீங்களே, அதுவும் விரதமா?"

"சொன்னா விடு."

செங்கமலம் விடவில்லை. எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தார். சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு, இலையிலிருந்த சோற்றைப் பிசைந்தார்.

"என்ன செய்யற?"

"பிசையறேன்."

"வேண்டாம்னு சொல்றேன்ல?"

"வார்டனம்மா, போன வருஷம் எங்க தோட்டத்து மாம்பழம் ஒண்ணு கொடுத்தேன். மறுநாளே ரெண்டு மாம்பழம் என் கையில திணிச்சீங்க. நினைவிருக்கா?"

"இருக்கு. யார்கிட்டயும் நான் கடன் வச்சுக்கறதில்ல."

"அந்த ரெண்டையும் நான் மாட்டுக்குப் போட்டேன்."

அமிர்தவல்லி திடுக்கிட்டார்.

"ஏன்?"

"எனக்குப் பிடிக்கல. நான் ஆசையா ஒண்ணு கொடுத்தேன். நீங்க வெடுக்குன்னு முகத்துல அடிச்ச மாதிரி திருப்பிக் கொடுத்தீங்க. அன்னைக்கே சொல்லியிருப்பேன். அப்புறம் வெண்டைக்காய்க்குத் திட்டுறதோட இதுக்கும் சேர்த்துத் திட்டுவீங்கன்னு விட்டுட்டேன்."

செங்கமலத்தின் கையில் ஒரு கவளம் உருண்டிருந்தது. அது காய் நறுக்கும் இலட்சணத்திலேயே இருந்தது. ஒரு பக்கம் பெரிது, ஒரு பக்கம் சிறிது.

"ஆ காட்டு," என்றார் செங்கமலம். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார். "காட்டுங்க."

அமிர்தவல்லி வாயைத் திறந்தார்.

"இன்னும் பெரிசா. தேர்வுத்தாள் திருத்துற மாதிரி உதட்டை வச்சா எப்படி?"

சோறு உள்ளே போயிற்று. பாதி மோவாயில் நின்றது. செங்கமலம் அதை வழித்து மறுபடியும் உள்ளே தள்ளினார். மிளகு ஒன்று தொண்டையில் சுரீரென்றது. கண்ணில் நீர் வந்தது. மிளகினால்தான் வந்தது என்று தேனம்மை உறுதியாகச் சொல்வார்.

"உப்பு கம்மி," என்றார் அமிர்தவல்லி.

"ஜாடியில கைவிட முடியாத ஆளு சமைச்சா அப்படித்தான் இருக்கும்."

அமிர்தவல்லிக்குச் சிரிப்பு வந்தது. வாயில் சோறு. அடக்கினார், முடியவில்லை. ஒரு பருக்கை செங்கமலத்தின் நெற்றியில் போய் ஒட்டிக்கொண்டது. பொட்டு வைத்த மாதிரி இருந்தது. பிறகு இருவருக்கும் சிரிப்பு நிற்கவில்லை. என்ன ஆயிற்று என்று பார்க்க வந்த அம்பலவாணரும் காரணம் தெரியாமலே சேர்ந்து சிரித்தார்.

இலை காலியானது.

"செங்கமலம்."

"சொல்லுங்க."

"இந்த நகத்தை எடு."

"இது ஆர்டரா, கேள்வியா?"

அமிர்தவல்லி கைகளைப் பார்த்தார். பேசுவதற்கு வாயெடுத்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார். 

"எடுத்து விடுறியா?"

"காது சரியாக் கேட்கல."

"செங்கமலம், எனக்கு முடியல. கொஞ்சம் எடுத்து விடுறியா?"

"அட, இதுக்குப் போய்!" என்று எழுந்தார் செங்கமலம்.

எப்படி எடுப்பது என்று அம்மையிடம் ஓடிப்போய்க் கேட்டு வந்தார். வெதுவெதுப்பான தண்ணீரில் சோப்பைக் கரைத்தார், தேங்காயெண்ணெய் ஊற்றினார். அதில் அமிர்தவல்லியின் இரு கைகளையும் அமிழ்த்தினார்.

"பிடுங்கிடு. எவ்வளவு நேரம் ஊறுறது?"

"பிடுங்கினா உங்க நகமும் சேர்ந்து வருமாம். பேசாம உட்காருங்க. வேலை ஒண்ணும் ஓடிப்போயிடாது."

ஊறும்வரை பேசினார்கள். செங்கமலத்துக்கு இரு தங்கைகள் உண்டென்பதும், வெண்டைக்காய் நறுக்கும்போது கிட்டத்தில் இருப்பது அவருக்கு மங்கலாகத் தெரியும் என்பதும், விடுதியில் எல்லாப் பிள்ளைகளும் ஊருக்குப் போன விடுமுறை நாள்களில் அமிர்தவல்லி தமக்கு மட்டும் உலை வைத்தார் என்பதும் அன்றைக்குத்தான் வெளிவந்தன. தண்ணீர் ஆறியது, மறுபடியும் வெந்நீர் ஊற்றினார்கள்.

செங்கமலம் அமிர்தவல்லியின் கையை எடுத்துத் தம் மடியில் வைத்துக்கொண்டார். தென்னை ஈர்க்கு ஒன்றை நகத்தின் ஓரத்தில் நுழைத்து மெல்ல அசைத்தார். முதல் நகம் தானாக மிதந்து வருவதுபோலக் கழன்று வந்தது.

"வலிக்குதா?"

"இல்ல. கையை விட்டுடாதே."

*

பொழுது சாயும் வேளையில் அம்மை வந்தார். வாழையிலைத் துண்டின்மேல் கத்தரிப்பூ நகங்கள் கிடந்தன.

"யாரு எடுத்தது அக்கா?"

"செங்கமலம்."

"கேட்டீங்களா?"

"கேட்டேன். மறுபடியும் கேட்க வச்சா."

அம்மை குனிந்து பார்த்தார். அமிர்தவல்லியின் வலக்கை மோதிர விரலில் ஜிகினா மின்னியது.

"இதை விட்டுட்டாங்களே?"

"நான் எங்க விட்டேன்?" என்றார் செங்கமலம். "அவங்கதான் அம்மா எடுக்க விடல."

"ஏன் அக்கா?"

அமிர்தவல்லி அந்த விரலை மடக்கி முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார்.

"இருக்கட்டும் அம்மா. நாளைக்கும் ஒரு வாய் ஊட்டிவிட ஆள் வேண்டாமா?"

அம்மை வாய்விட்டுச் சிரித்தார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அப்ப நாளைக்கு விடியக்காலையில குளிச்சிட்டுத் தீட்சைக்கு வந்துடுங்க அக்கா," என்றார். "முதுகு தேய்க்க ஆளைக் கூட்டிக்குங்க."