கடைசிக் கூறு

சக்கரவர்த்தி வச்சிரதரன் போரில் தோற்று ஏழு வருஷமாகிறது. வென்றவர்கள் அவரைக் கொல்லவில்லை. நடுக்கடலில் ஒரு மீனவர் தீவில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். முதல் மாதம் முழுக்க அவர் கரையில் நின்று அலைகளுக்கு உத்தரவு போட்டார். அலைகள் கேட்டனவா என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அப்போதுதான் தீவின் மீனவப் பெண் சங்காயி வந்து கரைவலைக் கயிற்றை அவர் கையில் கொடுத்தாள்.

“சும்மா கத்தாதீங்க பெரியவரே. இதைப் புடிங்க.”

பிடித்தார். அன்றிலிருந்து அவள் குரு, அவர் சீடர். குருவுக்குச் சீடரைவிட இருபது வயது குறைவு. தீவில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இன்று காலை ஒரு படகு வந்தது. அதில் வந்தவன் அதிரன், அவருடைய பழைய உபதளபதி. காலில் விழுந்து அழுதான். பன்னிரண்டு தளபதிகள் அவருக்காகக் காத்திருக்கிறார்களாம். மாலைக்குள் கிளம்பினால் மறுபடி போர், மறுபடி சிம்மாசனம்.

சக்கரவர்த்தி நேராகக் குருவிடம் போனார். அவள் வலையில் சிக்கிய பாசியைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

“தாயே, நான் போகலாமா?”

“அந்தப் பன்னெண்டு பேரையும் நம்புறீங்களா?”

“நம்பி நான் ஆண்டதில்லை. உட்காருமுன் எனக்குப் பின்னால் நிற்பவர்களை எண்ணுவேன். எழும்போதும் எண்ணுவேன்.”

“தோத்த அன்னைக்கு?”

“எண்ணிக்கை சரியாகத்தான் இருந்தது. அதில் ஒருவன்தான் கோட்டைக் கதவைத் திறந்துவிட்டான்.”

சங்காயிக்கு மனசு என்னவோ போலாகிவிட்டது. ஏழு வருஷம் ஒரே கயிற்றை இழுத்த மனுஷர். போகாதீங்க என்ற சொல் வாய்வரை வந்தது. சொல்லவில்லை.

“வலை கரையேறிடுச்சு. இன்னைக்குப் பங்கு நீங்க சொல்லுங்க. அப்புறம் பேசலாம்.”

அந்தத் தீவில் கயிறு இழுத்த ஒவ்வொருவருக்கும் ஒரு கூறு மீன் உண்டு. மணலில் கூறு போட்டுவிட்டு, ஒருவரைக் கடலைப் பார்த்து நிற்க வைப்பார்கள். பின்னால் ஒருவர் ஏதாவது ஒரு கூறைத் தொட்டு, ‘இது யாருக்கு?’ என்பார். நிற்பவர் பார்க்காமலே ஒரு பெயரைச் சொல்ல வேண்டும். திரும்பிப் பார்த்துவிட்டால் எல்லாக் கூறையும் கலைத்து மறுபடி போட வேண்டும். சக்கரவர்த்தி இந்த வேலைக்கு வந்ததே இல்லை. பங்கு பிரிக்கும் நேரத்தில் படகில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துவிடுவார்.

இன்று போய் நின்றார். பின்னால் நின்ற மீனவன் கொம்பன் முதல் கூறைத் தொடக் குனிந்தான். மணலில் அவன் கால் சரசரத்தது. சக்கரவர்த்தி சட்டென்று திரும்பினார். கை இடுப்பில் இல்லாத வாளைத் தேடியது.

கூறுகளைக் கலைத்துப் போட்டார்கள். அடுத்துக் கூட்டத்தில் ஆவுடையாள் இருமினாள். மறுபடி திரும்பினார்.

“ராசா, மீன் நாறிப்போயிரும்” என்றான் கொம்பன்.

“உங்களில் யாராவது கத்தி வைத்திருக்கிறீர்களா?”

“எல்லாரும்தான் வச்சிருக்கோம். மீனு வெட்ட வேணாமா?”

சிரிப்பு எழுந்தது. சங்காயி மட்டும் சிரிக்கவில்லை. மூன்றாம் முறை அவர் கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

“இது யாருக்கு?”

“கட்டாரிக்கு.”

“இது?”

“செம்பிக்கு.”

“இது?”

“வீரணனுக்கு.”

லட்சம் பேர் படையில் அவருக்குத் தெரிந்த பெயர்கள் பத்துப் பன்னிரண்டு இருக்கும். இங்கே ஒரு பெயருக்குக்கூட அவர் தடுமாறவில்லை. பாதியில் கண்ணைத் திறந்து கடலைப் பார்த்தபடியே சொல்லிக்கொண்டு போனார்.

“இது யாருக்கு?”

பெயர் வரவில்லை. எல்லாருக்கும் சொல்லியாகிவிட்டது. ஆனாலும் ஒரு கூறு மிச்சம். மனசுக்குள் ஒவ்வொரு குடிசையாகப் போய் வந்தார். யாருமே விட்டுப்போகவில்லை.

“யாரையோ மறந்துவிட்டேன்” என்றார். “மன்னித்துவிடுங்கள்.”

“அது உங்களுதுதான் ராசா” என்றான் கொம்பன்.

சக்கரவர்த்தி திரும்பவில்லை. கடலைப் பார்த்தபடியே மணலில் உட்கார்ந்துவிட்டார். கொம்பன் மீனைக் கொண்டுவந்து முன்னால் வைத்தான். நாலு சூடை மீன், ஒரு சின்னப் பாறை மீன்.

அதிரன் பக்கத்தில் வந்து குனிந்தான். “பேரரசே, படகு காத்திருக்கிறது.”

அவர் தலையை நிமிர்த்தி, முன்னால் வந்து நின்ற சங்காயியைப் பார்த்தார்.

“தாயே, காலையில் ஒன்று கேட்டேனே.”

“நானும் ஒண்ணு கேக்குறேன். இம்புட்டு நேரம் உங்க பின்னால கத்தியோட எத்தனை பேரு நின்னாங்க?”

சக்கரவர்த்தி வாயைத் திறந்தார். எண்ணவே இல்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. பிறகு திரும்பிப் பார்க்காமலே கையைப் பின்னால் நீட்டினார்.

“யாராவது ஒரு கத்தி கொடுங்கள். மீனைச் சுத்தம் பண்ண வேண்டும்.”

யாரோ கொடுத்தார்கள்.

சங்காயி கண்ணைத் துடைத்துக்கொண்டு அதிரனிடம் சொன்னாள்.

“சாப்பிட்டுட்டுக் கிளம்புங்க தம்பி. அவரு கூறு ரெண்டு பேருக்குப் போதும்.”