கறுப்புச் சோடியும் சிவப்புச் சோடியும்

கனகேந்திரனுக்கு ஐம்பத்துநான்கு வயது. அவருடைய குரு நிரோஜினிக்கு இருபத்தொன்பது.

சுவிஸ் மலைக் கிராமம் ஒன்றில் அவள் காலையில் பனிச்சறுக்குப் பழக்குவாள். பின்னேரம் அதே ஊர்க் கடையில், சறுக்குச் சப்பாத்துகளை வருகிறவர்களின் காலுக்கு அளந்து கொடுப்பாள். அவர் அங்கே ஹோட்டல் ஒன்றில் இருபத்தாறு வருடமாகச் சமைக்கிறார். மூன்று குளிர்காலமாக அவளிடம் பழகுகிறார். அவர் அவளை 'ரீச்சர்' என்பார், அவள் அவரை 'மாமா' என்பாள். படிக்கிற இடத்தில் வயது பார்க்கிற ஆள் அல்ல அவர்.

சொந்தமாக ஒரு சோடி சறுக்குச் சப்பாத்து வாங்க, அந்த வாரம் நாலாவது தடவையாகக் கடைக்கு வந்திருந்தார். முதல் மூன்று தடவையும் அவள் இல்லாத நேரம். தானே போட்டுப் பார்த்து, தானே குழம்பி, திரும்பிப் போயிருந்தார்.

மேசையில் இரண்டு சோடி. ஒன்று கறுப்பு, மற்றது சிவப்பு. ஒரே விலை, ஒரே அகலம், ஒரே விறைப்பு.

"எது நல்லது ரீச்சர்?"

"ரெண்டும் நல்லது."

"எது என்னை விழுத்தாது?"

நிரோஜினி அவரை நிமிர்ந்து பார்த்தாள். அவர் எதற்காகக் கேட்கிறார் என்று அவளுக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை அவர் மகள் ஆதிரையோடு மலை உச்சியிலிருந்து இறங்க வேண்டும். திங்கட்கிழமை அவள் கனடாவுக்குப் படிக்கப் போகிறாள். போன வருடம் இப்படித்தான் இரண்டு பேரும் இறங்கினார்கள். பாதி மலையில் அவர் விழுந்தார். எழும்பப் பயந்து அப்படியே இருந்துவிட்டார். மீட்புக்காரர்கள் வந்து, சறுக்குக் கட்டிலில் வைத்துக் கட்டி இறக்கினார்கள். எலும்பு ஒன்றும் முறியவில்லை, மானம்தான் போயிற்று. அன்றிலிருந்து மகள், "நீங்கள் கீழை நில்லுங்கோ அப்பா, நான் வாறன்" என்று சொல்லிவிட்டு மேலே போய்விடுவாள். அன்பாகத்தான் சொல்வாள். அந்த அன்புதான் அவருக்குத் தாங்கமுடியாமல் இருந்தது.

இந்த ஞாயிறு அவர் கெஞ்சி வாங்கிய ஞாயிறு. அவர் முன்னால் போவது, விழுந்தால் தூக்கிவிட மகள் பின்னால் வருவது என்று ஏற்பாடு. போன வருடப் பழி முழுவதையும் வாடகைச் சப்பாத்தின் மேல் போட்டு வைத்திருந்தார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான்.

"மூண்டு நாளும் போட்டுப் பாத்தியள். என்ன தெரிஞ்சது?"

"ரெண்டும் மெத்தை மாதிரி. ஒரு வித்தியாசமும் தெரியேல்லை."

"காலைக் காட்டுங்கோ."

இரண்டு சோடி கம்பளிக் காலுறை, ஒன்றின் மேல் ஒன்றாக.

"ஏன் மாமா ரெண்டு?"

"ஒரு சைஸ் பெரிசா எடுத்தால் ரெண்டு போடலாம்தானே. அப்பா எங்களுக்கு எப்பவும் அப்பிடித்தான் வாங்குவார். வளருற கால் எண்டு."

"இன்னும் வளருதோ?"

கனகேந்திரன் வெட்கத்தோடு சிரித்தார்.

அவள் ஒரு மெல்லிய காலுறை கொடுத்தாள். சோதித்துப் பார்க்கவென்று கடையில் வைத்திருந்த சோடிகளில் ஒரு சைஸ் சின்னதாக எடுத்து, இடது காலில் கறுப்பையும் வலது காலில் சிவப்பையும் மாட்டிக் கொக்கிகளை இறுக்கினாள்.

"எப்பிடி?"

"விரல் முன்னுக்கு முட்டுது. நோகுது."

"எதிலை கூட?"

"ரெண்டும் ஒரே மாதிரி."

"வாங்கோ, வெளியிலை போவம்."

கடைக்குப் பின்னால் சின்னப் பிள்ளைகள் பழகும் சரிவு ஒன்று இருந்தது. ஊன்றுகிற சறுக்குத் தடி வேண்டாம் என்றாள். இருவரும் சறுக்குப் பலகைகளை மாட்டிக்கொண்டார்கள். அவள் அவருக்கு முன்னால், அவரைப் பார்த்தபடி, பின்பக்கமாகச் சறுக்கினாள். கனகேந்திரனோ, இல்லாத கதிரையில் உட்காரப் போகிறவரைப் போலப் பின்னால் சரிந்துகொண்டு வந்தார்.

"எது நோகுது?"

"ரெண்டும்!"

அவள் கையை நீட்டினாள். "பிடியுங்கோ."

அவர் நீட்டினார். அவள் ஒரு சாண் தள்ளிப் போனாள்.

"கிட்ட நில்லுங்கோ ரீச்சர்!"

"பிடியுங்கோ மாமா."

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. முழங்காலை மடித்து, நெஞ்சை முன்னால் கொடுத்து எட்டினார். கணுக்காலுக்கு மேலே சப்பாத்து அழுந்த, உள்ளே பாதம் பின்னுக்குப் போனது. விரல் நுனி பட்டது, பிடிபடவில்லை. மறுபடியும் எட்டினார். அவள் மறுபடியும் தள்ளிப் போனாள். நிலம் சமமானபோதுதான் சரிவு முடிந்துவிட்டதே அவருக்குத் தெரிந்தது.

"இப்ப சொல்லுங்கோ. எது நோகுது?"

கனகேந்திரன் குனிந்து கால்களைப் பார்த்தார்.

"இடது நோகேல்லை. விரல் முட்டேல்லை ரீச்சர்!"

"வலது?"

"விரல் நோகேல்லை. ஆனால் குதி உள்ளுக்கை எழும்பி எழும்பி விழுகுது."

"அப்ப?"

"கறுப்பு!"

நாலு நாள் தெரியாதது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிட்டது. அவருக்குச் சந்தோஷத்தில் மூச்சு வாங்கியது. பிறகு மெல்ல, அந்தப் பழைய கேள்வியைக் கேட்டார்.

"அப்ப ஞாயிற்றுக்கிழமை இது என்னை விழுத்தாது, என்ன?"

"பின்னுக்குச் சரிஞ்சால் எதுவும் விழுத்தும் மாமா. ஆதிரையை முன்னாலை போக விடுங்கோ."

"அவள் காத்து மாதிரிப் போவாள் ரீச்சர். நான் எப்பிடிப் பிடிக்கிறது?"

"பிடிக்க ஏலாது மாமா," என்றாள் நிரோஜினி. "கையை நீட்டிக்கொண்டு போங்கோ."