மானிட்டருக்கு வைத்த பொட்டு

"டீச்சர், அந்தக் கம்ப்யூட்டருக்கு ஒரு வழி சொல்லுங்க. இல்லாட்டி எனக்கு ஒரு வழி சொல்லுங்க."

வந்து நின்றவர் பொன்னுரங்கம். கோபியில் பைப்பும் குழாயும் விற்கிற ஒரு ஹார்டுவேர் கடையின் கணக்குப்பிள்ளை. வயது ஐம்பத்தாறு.

டீச்சர் என்றது மெஹருன்னிசாவை. வயது அவருடையதில் பாதி. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிற கடை வைத்திருக்கிறார். முன்பு அதே இடத்தில் கம்ப்யூட்டர் வகுப்பு நடந்தது. வகுப்பு நின்றுபோனது, பட்டம் நிற்கவில்லை.

"என்னண்ணா பண்ணுது?"

"பில்லு போட்டா வர மாட்டேங்குது. ஒரு பட்டனைத் தட்டிட்டு நான் போய் முகம் கழுவிட்டு வந்தாலும் வட்டம்தான் சுத்திக்கிட்டு இருக்கு. பிளம்பருங்க பாதி வேலைல பைப்பைக் கழட்டிப் போட்டுட்டு ஓடி வர்றவங்க. அவங்க நிப்பாங்களா? எதிர்க்கடைக்குப் போயிடறாங்க."

"என்ன பண்ணிப் பாத்தீங்க?"

"மெமரி கூட்டினேன். புது ஃபேன் மாட்டினேன். சைக்கிள் பம்பு வெச்சுத் தூசி அடிச்சேன். தெக்குப் பாத்து இருந்ததைக் கிழக்குப் பாத்துத் திருப்பி வெச்சேன்."

"கிழக்குப் பாத்து வெச்சதும்?"

"இன்னும் கொஞ்சம் மெதுவாயிருச்சுங்க."

டீச்சர் சிரிக்கவில்லை. பொன்னுரங்கமும் சிரிக்கிற நிலையில் இல்லை. அன்று காலையில்தான் முதலாளி நாச்சிமுத்து கணக்கு மேசையில் கையூன்றிக்கொண்டு சொல்லியிருந்தார். "ரங்கா, திங்கக்கிழமை வரைக்கும் பாக்கறேன். அப்புறம் நீ குடோனுக்குப் போயிரு. பைப்பு எண்ணிக்கிட்டு இரு. இங்க வேற ஆளு, வேற சாஃப்ட்வேர்."

முப்பது வருஷம் உட்கார்ந்த நாற்காலி. காகிதத்தில் எழுதிக்கொண்டிருந்தவர், ஒருவரும் சொல்லித் தராமல் கம்ப்யூட்டரைக் கற்றுக்கொண்டவர். அது போய்விடும்.

டீச்சர் கேட்டார், "கடைல, பைப்பு மூலைக்குப் போடற முக்கா இஞ்சு எல்போ எத்தனை இருக்கு?"

"நாப்பத்தி ரெண்டு."

"பாக்காம எப்படிச் சொல்றீங்க?"

"நேத்துக் கடை சாத்தறப்ப அறுபது. காலைல பதினெட்டு போச்சு."

"கடை தொறந்த நாள்ல இருந்து எத்தனை வந்துச்சு, எத்தனை போச்சுன்னு கூட்டிக் கழிச்சுப் பாக்கலையா?"

"அதெதுக்குங்க? எனக்கென்ன பைத்தியமா?"

"சரிண்ணா. போயிட்டு வாங்க."

அவ்வளவுதான். டீச்சர் ஒரு பழைய கீபோர்டைத் திருப்பித் தட்டி, உள்ளே கிடந்த மிக்சரை உதிர்க்க ஆரம்பித்துவிட்டார்.

பொன்னுரங்கம் கடைக்குத் திரும்பினார். இதுக்கா அரை நாள் லீவு சொன்னோம்.

மறுநாள் ஒரு கொத்தனார் வந்து ஒரே ஒரு வாஷர் கேட்டார். ஒரு வாஷருக்கு ஒரு பில். பட்டனைத் தட்டினார். வட்டம் சுற்றியது. சுற்றியது. கொத்தனார் வாசல் வரை போய் வந்தார். இன்னும் சுற்றியது.

பொன்னுரங்கம் அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கொத்தனார் காசை மேசையில் வைத்துவிட்டுப் பில் வாங்காமலே போனதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

சட்டையில் ஒரு பொத்தான் போடாமல் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினார்.

"டீச்சர், அதுக்குத்தான் பைத்தியம். ஒரு வாஷர் விக்கறதுக்கு மொத நாள்ல இருந்து எண்ணுது."

"அப்படி எண்ணச் சொன்னது யாரு?"

"யாரு சொன்னாங்க? யாரும் சொல்லலையே."

டீச்சர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். "உக்காருங்க. கம்ப்யூட்டர் வர்றதுக்கு முன்னாடி கடைல புதுக்கணக்கு எப்படிப் போடுவீங்க?"

பொன்னுரங்கத்தின் முகம் மலர்ந்தது. இது அவருக்குப் பிடித்த விஷயம்.

"வருஷப் பொறப்பன்னிக்கு நல்ல நேரம் பாத்து, சிவப்பு அட்டை போட்ட புது நோட்டு. நாலு மூலைக்கும் மஞ்சள். மொதப் பக்கத்துல பிள்ளையார் சுழி. அதுக்குக் கீழ லாபம்னு எழுதி, போன வருஷத்து மிச்சத்தை மட்டும் ஏத்திக்குவோம். எழுதறது நான்தான். என் கைராசின்னு இப்ப இருக்கற முதலாளியோட அப்பா சொல்லுவாரு."

"கம்ப்யூட்டர் வந்த பின்னாடி?"

"விடுவோமா? நோட்டு இல்லைன்னாலும் பூஜை உண்டு. மானிட்டருக்குச் சந்தனம், குங்குமம். கீபோர்டு மேல ஒரு முழம் பூ. தேங்கா உடைச்சு, சூடம் காட்டி, பதினோரு வருஷமா ஒரு வருஷம் தவறினதில்லை."

"சூடம் காட்டின பின்னாடி?"

"பில்லு போட ஆரம்பிப்போம்."

"எதுல?"

"அதே..."

பொன்னுரங்கம் நிறுத்தினார்.

வெளியே ஒரு பஸ் பின்னோக்கி வந்தது. கண்டக்டர் விசிலடித்துக்கொண்டே இருந்தார், வா வா வா என்று.

"பதினோரு வருஷமும் ஒரே நோட்டுலயா டீச்சர் எழுதிக்கிட்டிருந்தேன்?"

டீச்சர் இரண்டு பென் டிரைவை எடுத்து அவர் சட்டைப் பையில் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, கடைக்கு விடுமுறை. டீச்சர் வந்து கணக்கு மேசைக்குப் பக்கத்தில் நின்றார். பொன்னுரங்கம் பழைய கணக்கு மொத்தத்தையும் இரண்டு பென் டிரைவிலும் பிரதி எடுத்தார். ஒன்றைக் கல்லாவில் வைத்தார். இன்னொன்றை எங்கே வைத்தாலும் மனசு ஒப்பாமல் வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டார்.

எந்தத் தேதியிலிருந்து புதுக்கணக்கு என்று திரை கேட்டது. அடித்தார். என்டரைத் தட்டினால் முடிந்தது. தட்டவில்லை.

"பழசெல்லாம் போயிருமேங்க."

"அந்தச் சிவப்பு நோட்டெல்லாம் எங்க?"

"பரண்ல."

"போச்சா?"

"இல்லை, இருக்கு."

"கடைசியா எப்ப எறக்கிப் பாத்தீங்க?"

யோசித்தார். "வெள்ளையடிக்கறப்ப."

"படிச்சீங்களா?"

"தொடைச்சு மறுபடி ஏத்தினேன்."

சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் விரல் அசையவில்லை.

"டீச்சர், நீங்களே ஒரு தட்டுத் தட்டிருங்க."

டீச்சர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

பொன்னுரங்கம் கண்ணை மூடி, வாய்க்குள் லாபம் என்று ஒரு முறை சொல்லிவிட்டுத் தட்டினார்.

ஒரு மணி நேரம் ஓடியது. மிச்சம் இருந்தது மட்டும் புதுக்கணக்கின் பக்கம் வந்தது. என்றோ கடையைச் சாத்திவிட்டுப் போனவர்கள், எட்டு வருஷத்துக்கு முன் ஒரே ஒரு டேப் வாங்கியவர்கள், விற்றுத் தீர்ந்த ஈயக் குழாய்கள் எல்லாம் அந்தப் பக்கமே நின்றுகொண்டன.

திங்கட்கிழமை. முதலாளி வழக்கத்துக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். டீச்சரும் வந்திருந்தார், வீட்டுக்கு ஒரு குழாய் வாங்க.

முதல் ஆளாக வந்தவர் மாரப்பன். எதிர்க்கடைக்குப் போய்விட்ட பிளம்பர்களில் ஒருவர். அங்கே இன்னும் ஷட்டர் தூக்கவில்லை என்பதால் வந்தார். பதினேழு அயிட்டம் சொன்னார். பொன்னுரங்கம் அடித்தார், தட்டினார்.

மாரப்பன் பையை விரிப்பதற்குள் பில் வெளியே வந்து விழுந்தது.

மாரப்பன் அதைத் தொடவில்லை. தள்ளி நின்று பார்த்தார்.

"என்னங்க இது, அதுக்குள்ள?"

"ஆச்சுங்க."

"பதினேழு அயிட்டமுங்க. எதையோ விட்டுட்டீங்க."

"விடலைங்க. பாருங்க."

"இத்தனை நாளா அத்தனை நேரம் பாத்துப் போட்டீங்களே, இதை மட்டும் பாக்காம போட்டா எப்படி? மறுபடியும் நல்லாப் பாத்துப் போடுங்க."

முதலாளியும் எழுந்து வந்துவிட்டார். "ரங்கா, அவரு சொல்றதும் ஞாயந்தானே. கணக்கு உதைச்சுதுன்னா அப்புறம் நான் சும்மா இருக்க மாட்டேன்."

பொன்னுரங்கம் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் ஒரு குழாயைத் திறந்து, மூடி, திறந்து, அதற்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பொன்னுரங்கம் பில்லை எடுத்தார். நாலாக மடித்தார். டிராயருக்குள் வைத்து மூடினார்.

"சரிங்க. நல்லாப் பாத்தே குடுத்தர்றேன். அந்தச் சேர்ல கொஞ்சம் உக்காருங்க."

மாரப்பன் திருப்தியாகப் போய் உட்கார்ந்தார்.

ஃபேன் சுற்றியது. முதலாளி நின்றார். பொன்னுரங்கம் கையைக் கட்டிக்கொண்டு மாரப்பனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாரப்பன் காலை ஆட்டினார். நிறுத்தினார். டிராயரைப் பார்த்தார்.

"ஏனுங்ணா," என்றார், "நான் இப்ப எதுக்கு உக்காந்திருக்கேன்?"

முதலாளிதான் முதலில் சிரித்தார்.