நடந்துபோன மரங்கள்

கரட்டுக் காட்டின் ஓரத்தில் நின்ற ஓர் உசில மரத்தில் ஒரு தேவாங்கு தன் குட்டியோடு வாழ்ந்தது. பகல் முழுதும் அது தூங்கும். பொழுது சாய்ந்தால்தான் கண் விழிக்கும். ஆகவே பகலில் நடப்பது எதுவும் அதற்குத் தெரியாது.

கண் விழிக்கும்போதெல்லாம் காட்டில் மரம் குறைந்திருந்தது. நேற்றுக் கை நீட்டினால் எட்டிய கிளை இன்று இல்லை. ஒரு மாலை, காட்டின் ஒரு மூலையே கரிந்து கிடந்தது. அந்த மரங்கள் ஆயுள் முழுதும் உள்ளே அடக்கி வைத்திருந்த மூச்செல்லாம் கரும்புகையாகி வானத்தில் நின்றது. குட்டி இருமியது. தேவாங்குக்கு ஒன்றும் புரியவில்லை.

அடுத்த மழைக்குப் பின் இன்னொரு குழப்பம். கீழே கரட்டின் அடிவாரத்தில், வெள்ளையம்மாள் என்ற குடியானவளின் கம்பங்கொல்லையில், பயிருக்கு நடுவே மரக்கன்றுகள் வரிசையாக நின்றன. அகத்தியும் சவுண்டலும். மாலைக்கு மாலை அவை உயர்ந்துகொண்டே வந்தன.

தேவாங்கு மேலே பார்த்தது. கீழே பார்த்தது. இங்கே குறைகிறது, அங்கே கூடுகிறது. அப்படியானால்?

“முள்ளண்ணே,” என்று அது முள்ளம்பன்றியைக் கூப்பிட்டது. “நம் மரங்கள் கொல்லைக்கு நடந்து போகின்றன.”

“மரத்துக்கு ஏது கால்?”

“அதுதான் எனக்கும் தெரியவில்லை. நான் தூங்கும்போது போய்விடுகின்றன. போன இடத்தில் குட்டையாகியும் விடுகின்றன.”

“அவ்வளவு தூரம் நடந்தால் தேயாதா பின்னே?” என்றது முள்ளம்பன்றி. இளம் வேரின் ருசியை நினைத்ததும் அதன் வாயில் எச்சில் ஊறியது. “கவலையை விடு, தாயி. ஒவ்வொன்றாகத் தோண்டி இழுத்து வருகிறேன். நீ நட்டுக்கொள்.”

தூங்கப் போன தவிட்டுக்குருவிக்கு இது காதில் விழுந்தது.

“அடி உருண்டைக்கண்ணி, பகலில் விழித்திருப்பவள் சொல்கிறேன், கேள். காட்டு மரத்தை வெட்டியதும் வெள்ளையம்மாள் வீட்டார்தான். கொல்லையில் கன்று வைத்ததும் அவர்கள்தான். இப்போது ஆட்டுக்குத் தழையை அங்கேயே ஒடித்துக்கொள்கிறாள். உதிர்ந்த இலை மண்ணுக்கு உரமாகிறது, கம்பும் நன்றாக விளைகிறது. புது நிலத்துக்காகக் காட்டை எரிக்க வேண்டியதில்லை. இந்த மழைக்காலத்தில் கோடரிச் சத்தம் கேட்டாயா?”

“நான் தூங்கினேனே.”

“இவளுக்குப் பொழுதெல்லாம் கத்துவதே வேலை,” என்றது முள்ளம்பன்றி. “வெட்டியவளே நடுவாளாம். உனக்கு ஏதாவது புரிகிறதா, தாயி?”

தேவாங்கு யோசித்தது. வெட்டுகிற கையும் நடுகிற கையும் ஒரே கையாக எப்படி இருக்கும்?

“புரியவில்லை,” என்றது.

முள்ளம்பன்றி தோண்டத் தொடங்கியது. வேரைத் தின்றுவிட்டு வெறும் தண்டை இழுத்து வந்து போட்டது. தேவாங்கு அவற்றைக் காட்டோரத்தில் ஊன்றி வைத்தது. மறுநாளே எல்லாம் தலை தொங்கின. நடந்த களைப்பாக இருக்கும் என்று அது காத்திருந்தது. களைப்பு தீரவில்லை, கன்றுகள் சருகாயின.

ஒரு பகலில் உசில மரம் அதிர்ந்தது. தேவாங்கு திடுக்கிட்டு விழித்தது. வெயில் கண்ணைக் குத்தியது. கீழே வெள்ளையம்மாளும் அவள் கணவன் காத்தவராயனும் நின்றார்கள்.

“இனிமேல் காட்டுப் பக்கமே போக வேண்டாம் என்று நீதானே சொன்னாய்?” என்றான் அவன்.

“கொல்லையில் தழை இருந்தபோது சொன்னேன். எது வந்து தோண்டிப் போட்டதோ, மூலையில் ஒன்றே ஒன்றுதான் மிச்சம். கத்துகிற ஆட்டுக்கு என்னத்தைப் போடுவது? வெட்டுங்கள்.”

கோடரி மறுபடி விழுந்தது. தேவாங்கு குட்டியை வயிற்றோடு அணைத்தபடி மறுபக்கமாக இறங்கியது. தாவிப் போகப் பக்கத்தில் கிளை இல்லை. மேலே பருந்து வட்டமிட்டது. பின்னால் உசில மரம் சாய்ந்த ஓசை கேட்டது. கம்பந்தட்டைகளுக்குள் ஊர்ந்து ஊர்ந்து, மூலையில் மிஞ்சிய அகத்தியில் ஏறி அது இலைக்குள் ஒடுங்கிக்கொண்டது.

பொழுது சாய்ந்ததும் முள்ளம்பன்றி வந்தது.

“இறங்கு, தாயி. இதையும் காட்டுக்குக் கொண்டுபோய்விடலாம்.”

“தொடாதே.”

“நம் மரம்தானே?”

“நம் மரமா, அவள் மரமா, எனக்குத் தெரியவில்லை,” என்றது தேவாங்கு. குட்டி அதன் வயிற்றை இறுகப் பற்றிக்கொண்டிருந்தது. “ஆனால் கொல்லையில் தழை இருந்தால் கோடரி மேலே காட்டுக்கு ஏறாது. மிச்சம் இருப்பது இது ஒன்றுதான். அவள் வாயால் சொன்னதை இன்று காதால் கேட்டுவிட்டேன்.”

முள்ளம்பன்றி முள்ளைச் சிலிர்த்தது. தேவாங்கு மெல்ல இறங்கிவந்து, வேரின் மேலேயே உட்கார்ந்துகொண்டது. முள்ளம்பன்றி சுற்றிச் சுற்றி வந்து பார்த்தது. பிறகு முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டது.

கொல்லையில் நிற்கும் மரம் காட்டு மரத்தின் உயிரைக் காக்கிறது. அது புரியாமல் அதைப் பிடுங்குகிறவர் தம் வீட்டைத் தாமே வெட்டிக்கொள்கிறார்.